வாலியர் வீட்டுக்குப் போகும் வழி

போளூர் பேருந்து நிலையத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தாலே யார் எங்கே போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். மஞ்சள் சேலை, வேப்பிலைக் கொத்து என்றால் படவேடு ரேணுகாம்பாள். தோளில் பை, கையில் டார்ச் லைட்டோடு இளவட்டங்கள் என்றால் பர்வதமலை. காலி கோணிப்பைகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொண்டுவந்த புளியையும் சாமையையும் விற்றுவிட்ட முகத்தோடு நிற்பவர்கள் ஜமுனாமரத்தூர் வண்டிக்குக் காத்திருக்கும் ஜவ்வாது மலைச்சனம். நான் மூன்றாவது கூட்டத்தோடு ஏறினேன். போனது கல் பார்க்க.

"கல்லா? எந்தக் கல்லு சார்?" என்றார் நடத்துநர்.

"வாலியர் வீடு."

"ஓ, குள்ளர் வீடா. கீழ்ச்செப்பிளிப் பக்கம். நான் தினம் போய்ட்டு வர்றேன், பாத்ததில்ல" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத்து இருக்கிற கல்லைப் பார்க்கத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்திலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மலையேறுவதற்கு முந்தின நாள் திருமலைக்குப் போயிருந்தேன். ஆரணி திசையில் இருக்கும் சமண மலை அது. ராஜராஜனின் அக்காள் குந்தவை பெயரில் ஒரு ஜினாலயம், பாறையில் செதுக்கிய சுமார் 16 மீட்டர் உயர நேமிநாதர், குகைச் சுவர்களில் ஓவியம். வரலாற்றுக்காரர்களை அங்கே இழுப்பது இவற்றைவிட ஒரு கல்வெட்டுதான். முதலாம் ராஜேந்திரனின் படை கங்கை வரை போய்வந்ததை நாடு நாடாக அடுக்கிச் சொல்லும் மெய்க்கீர்த்தி அதில் இருக்கிறது. சோழர் வரலாறு எழுதிய யாரும் அதைத் தாண்டிப் போக முடிந்ததில்லை. அந்த மலைக்கு வேலியும் காவலும் அறிவிப்புப் பலகையும் உண்டு. இருக்க வேண்டியதுதான்.

அதற்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்திய கற்கள் எதிர்மலையில் நிற்கின்றன. அவற்றில் ஓர் எழுத்தும் இல்லை.

அத்திமூர் தாண்டியதும் சாலை வளையத் தொடங்குகிறது. கீழே இருக்கும்வரை சன்னல் வழியே வரும் காற்றில் நெல்வயல் வாடை. இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு ஏறினால் காய்ந்த புல்லும் ஈரப் பாறையும் மணக்கும். சாலை திரும்பும்போதெல்லாம் பர்வதமலையின் மொட்டைத் தலை தெரிகிறது. அதுதான் பழைய நவிர மலை என்பார்கள். நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் இந்த நாட்டின் பாட்டு. கூத்தர் கூட்டம் ஒன்றை மன்னனிடம் ஆற்றுப்படுத்தும் அந்தப் பாட்டில் வழியின் ஏற்ற இறக்கமும், காட்டுவிலங்கும், இரவு தங்கினால் கிடைக்கும் சோறும், வழியோர நடுகற்களும் வருகின்றன. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் கூச்சப்பட வேண்டிய அளவுக்கு அதில் வழிக்குறிப்பு இருக்கிறது.

ஜமுனாமரத்தூர் ஒரு மலைச்சந்தை ஊர். வட்டாட்சியர் அலுவலகம், பள்ளி, டீக்கடைகள், கோடை விழாவுக்கு வருகிறவர்கள் படகு விடும் கோமுட்டேரி. கூட்டத்தில் பெரும்பகுதி பீமன் அருவிக்குப் போகிறது. மலையின் மறுபக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். 1986 முதல் அங்கே இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே செய்தது. இந்த மலை இருட்டாக இருப்பதால்தான் அதை இங்கே வைத்தார்கள். மேலே பார்ப்பதற்கு இவ்வளவு பெரிய கண்ணாடியை ஏற்றிக் கொண்டுவந்த மலையில், தரையில் இருப்பதைப் பார்க்க ஆள் குறைவு.

கீழ்ச்செப்பிளிக்கு ஊர்க்காரர் ஒருவர் துணையாக வந்தார். அறுபது தாண்டியவர், மலையாளி பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது இம்மக்களின் கதை. சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையாகப் போனதாகச் சொல்வார்கள். சாமைக் கொல்லையின் ஓரமாக அவர் முன்னே நடக்க நான் பின்னே. கொல்லை முடிந்து பாறைச் சரிவு தொடங்கும் இடத்தில் அவர் நின்றார். செருப்பைக் கழற்றுவாரோ என்று பார்த்தேன். கழற்றவில்லை. ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதெல்லாம் அவங்க வீடு சார். மூணடிதான் இருப்பாங்களாம். ஆனா பலசாலிங்க. இந்தப் பலகையெல்லாம் ஒத்தையாளாத் தூக்கி வச்சாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு."

முதலில் கண்ணில் பட்டது ஒன்று. பிறகு இன்னொன்று. பார்வை பழகியதும் சரிவு முழுக்க அவைதான். நான்கு பக்கமும் கருங்கல் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, ஒன்றின் விளிம்பு இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும்படி சாய்த்து, மேலே ஒரு பெரிய மூடுகல்லைக் கிடத்தியிருக்கிறார்கள். இதைத்தான் கல்திட்டை என்கிறார்கள். காரை இல்லை, கம்பி இல்லை. கல்லின் எடைதான் கல்லைப் பிடித்து நிற்கிறது. சில திட்டைகளின் ஒரு பக்கப் பலகையில் உருண்டையான ஓட்டை. தொல்லியலாளர்கள் இடுதுளை என்பார்கள். எலும்பையோ படையலையோ உள்ளே வைக்க விட்ட வழி என்பது பொதுவான கருத்து. ஊர்க் கதையில் அது வாலியர் வீட்டு வாசல்.

நான் அதிக நேரம் நின்றது திட்டையின் முன் அல்ல. அதைச் சுற்றியுள்ள வளைவின் முன். வீட்டைச் சுற்றிக் கட்டிய மதில்போலப் பலகைக்கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். சில இடத்தில் பலகைகள் விழுந்து புல்லுக்குள் கிடக்கின்றன. சில இடத்தில் வட்டத்துக்குள் கல்லும் மண்ணும் நிரப்பி மேடாக்கியது இன்னும் தெரிகிறது. திட்டை என்றவுடன் நாம் படம் எடுப்பது நடுவில் இருக்கும் கல்லறையை. கட்டியவர்கள் கூடுதலாக உழைத்தது இந்த வளைவுக்காக இருக்கலாம். இது உள்ளே, அது வெளியே. இதற்குள் இறந்தவர், அதற்குமேல் நாம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டைத்தான் முதலில் தொலைக்கிறோம். மூடுகல்லைப் புரட்ட பத்துப் பேர் வேண்டும். வட்டத்துக் கல்லை ஒரே ஆள் கடப்பாரையோடு வந்து கொண்டுபோய் வரப்புக்கு வைத்துவிடலாம், படிக்கட்டுக்குப் போடலாம்.

இந்தக் கற்களை எப்படி எடுத்தார்கள் என்பதற்கு விடை பக்கத்துப் பாறையிலேயே இருக்கிறது. இந்தப் பகுதிக் கருங்கல் வெங்காயத்தோல் போல ஏடு ஏடாக உரியக்கூடியது. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு மேல்படலம் தானே பிரிந்து நிற்கும். அதன்மேல் தீ மூட்டிச் சூடேற்றி, விரிசல் விட்டதும் நெம்பியெடுத்தால் பலகை தயார். கர்நாடகத்தின் ஹிரேபெணகல்லில், திட்டைகளுக்குப் பக்கத்திலேயே இப்படிப் பெயர்த்தெடுத்த தடங்கள் கிடைத்திருக்கின்றன. அங்கே சுமார் 400 சின்னங்கள் ஒரே குன்றின் மேல் இருக்கின்றன. அங்கேயும் குள்ள மனிதர் கதைதான். மோரியர் வீடு என்கிறார்கள். யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2021-இல் அந்தக் குன்று ஏறியது. ஒரு குன்றை மொத்தமாக ஒரே சின்னமாகக் கருதலாம் என்பதற்கு அண்டை மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது.

ஜவ்வாது மலையில் மனிதர் வாழ்ந்த கதை கல்திட்டையோடு தொடங்குவதும் இல்லை. மலையடிவாரத்தில் திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கும் பையம்பள்ளியில் 1964-65இலும் 1967-68இலும் எஸ். ஆர். ராவ் அகழாய்வு செய்தார். லோத்தலைத் தோண்டிய அதே ராவ்தான். குழி தோண்டி அதன்மேல் கூரை போட்டு வாழ்ந்த புதிய கற்காலத்தவரின் இருப்பிடங்கள், மெருகேற்றிய கைக்கோடரிகள், கொள்ளும் பயறும் கிடைத்தன. அங்கே கிடைத்த ஒரு கரிமக் கணக்கு கி.மு. 1390-ஐக் காட்டியது. அதே மாதிரிக் கைக்கோடரிகள் இம்மலையின் கிராமங்களில் இன்றும் மரத்தடியில் குவிந்து கிடக்கின்றன. பிள்ளையார் என்று மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள். சேர்வராயன் மலையில் இந்த வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கோடரியைவிட, தினமும் விளக்கு வைக்கப்படும் கோடரி பத்திரமாக இருக்கிறது என்பது என் எண்ணம். தொல்லியல் நண்பர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கல்திட்டைகளுக்கு அந்தப் பாதுகாப்பு அரைகுறையாகத்தான் கிடைத்தது. வாலியர் மேல் மரியாதை உண்டு, பூசை இல்லை. பயம் இருந்தவரை கைவைக்கவில்லை. துணைக்கு வந்தவர் சொன்னார்:

"முன்னல்லாம் மாடு மேய்க்கிற பசங்க மழைக்கு ஒதுங்குறதோட சரி. அப்புறம் யாரோ புதையல் இருக்குன்னு கெளப்பி விட்டுட்டாங்க. ராத்திரியில வந்து தோண்டுறாங்க."

புதையல் என்று தோண்டுகிறவனுக்குக் கிடைப்பது கருப்பு சிவப்புப் பானை ஓடும், துருப்பிடித்த இரும்பும்தான். அவன் அதை எறிந்துவிட்டுப் போகிறான். ஆனால் அந்த ஓடு எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் காலத்தைச் சொல்லும். கல் அதே இடத்தில் நின்றாலும், அடியில் மண் கலைந்துவிட்டால் அது வெறும் கல். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கலையாத மண் கிடைத்ததால்தான் தமிழ்நாட்டில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போனது. 2022-இல் சட்டமன்றத்திலேயே அதை அறிவித்தார்கள். ஜவ்வாது மலையிலிருந்து வெகுதொலைவில் இல்லை அந்த ஊர்.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்சன் காலத்து 1904 சட்டமும், அதற்குப்பின் வந்த 1958 சட்டமும் நினைவுச் சின்னம் என்றால் என்ன என்று வரையறுக்கும்போது கட்டடத்தோடு நிற்கவில்லை. மண்மேடு, புதைத்த இடம், குகை, ஒற்றைக்கல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். 1958 சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: நூறு ஆண்டுக்குக் குறையாத தொல்பொருள் உள்ள அல்லது இருப்பதாக நியாயமாக நம்பத்தக்க எந்த நிலப்பரப்பையும் தொல்லிடம் என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டுக்கு 1966-இல் வந்த தனிச் சட்டம் மாநிலத் துறைக்கும் இப்படி அறிவிக்க வழி தருகிறது. ஆக, ஒரு சரிவை முழுதாகக் காப்பாற்றச் சட்டத்தில் இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நடைமுறை வேறு. 2010 திருத்தம் வந்தபின் மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானமே கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். கோயிலுக்கும் கோட்டைக்கும் இந்த அளவு பொருந்தும். மலைச்சரிவு முழுக்கச் சிதறிக் கிடக்கும் கற்களுக்கு எங்கிருந்து நாடா பிடிப்பது? பட்டியலில் ஏறினால் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் இருந்த சின்னங்களில் 92 எங்கே என்றே தெரியவில்லை என்று 2013-இல் தணிக்கைத் துறைத் தலைவர் அறிக்கை கொடுத்தார். தேடிப் பலவற்றைக் கண்டுபிடித்தார்கள். 2024-இல் 18 சின்னங்களைத் தேசிய முக்கியத்துவப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கட்டடமே காணாமல் போகும் நாட்டில், ஆறேழு பலகைக்கல் வட்டம் எத்தனை நாள் நிற்கும்?

மண்ணாலான வளைவுகளின் கதி இதைவிட மோசம். தெலங்கானாவின் உட்நூரில் ஒரு சாம்பல் மேட்டை 1957-இல் ரேமண்ட் ஆல்சின் வெட்டிப் பார்த்தார். அது பனைமரத் துண்டுகளை வரிசையாக நட்டு அடைத்த மாட்டுப்பட்டி. உள்ளே குவிந்த சாணத்தை மறுபடி மறுபடி எரித்திருக்கிறார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய மாடுகளின் குளம்புத் தடம்கூட அதில் பதிந்திருந்தது. தென்னகத்தில் மனிதன் போட்ட மிகப் பழைய அடைப்புகளில் ஒன்று அது. கர்நாடக, தெலங்கானா, ஆந்திரக் கிராமங்களில் இத்தகைய சாம்பல் மேடுகள் பலவற்றை எருவாக அள்ளி வயலில் கொட்டிவிட்டார்கள். உழவனுக்கு அது சாம்பல். யாரும் அவனிடம் வந்து வேறு விதமாகச் சொல்லவில்லை.

இதெல்லாம் நம் ஏழைநாட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், நூவர்க் என்ற ஊரில், சுமார் 2000 ஆண்டுக்கு முன் அங்கே வாழ்ந்த தொல்குடியினர் கூடை கூடையாக மண் சுமந்து எண்கோணமும் வட்டமுமாக வளைத்துக் கட்டிய பெரிய மண்சுவர்கள் இருக்கின்றன. எண்கோணத்துக்குள் மட்டும் ஐம்பது ஏக்கர். சந்திரன் உதிக்கும் திசை 18.6 ஆண்டுச் சுழற்சியில் வடக்கும் தெற்குமாக நகர்வதைக் கணித்து அந்தச் சுவர்களை அமைத்திருக்கிறார்கள். அதன்மேல் நூறு ஆண்டுக்கும் மேலாகக் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்கள். இடத்தின் சொந்தக்காரரான வரலாற்று அமைப்பு குத்தகையைத் திரும்பப் பெற வழக்காடி, 2022 டிசம்பரில் மாநில உச்சநீதிமன்றத்தில் வென்றது. 2023-இல் அந்த இடம் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. 2025 சனவரி முதல் நாள்தான் பொதுமக்களுக்கு முழுமையாகத் திறந்தது. இங்கிலாந்தின் ஏவ்பரி கல்வட்டத்தில் 1871-இல் வீட்டுமனை போட இருந்த நிலத்தை ஜான் லபக் என்பவர் சொந்தப் பணத்தில் வாங்கித் தடுத்தார். பத்து ஆண்டு முட்டி மோதி 1882-இல் அந்நாட்டின் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். வீட்டுமனைத் தரகர் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. லபக்குகள்தான் குறைவு.

மலையிறங்கி செங்கம் வந்து, தண்டராம்பட்டுப் பக்கம் மோட்டூருக்குப் போனேன். அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கல்வட்டம். வட்டத்தில் ஒரு பலகைக்கல்லை மனித உருவாக வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று மீட்டருக்கு மேல் உயரம், கிட்டத்தட்ட அதே அகலம். தலை இல்லை, தோள் இரண்டும் விரிந்து இறங்குகின்றன. விழுப்புரம் மாவட்டம் உடையார்நத்தத்தில் இருக்கும் இதேபோன்ற உருவத்தை ஊரார் விசிறிப்பாறை என்கிறார்கள். மோட்டூர் உருவத்தின் முன் நின்றபோது, கீழ்ச்செப்பிளியில் பார்த்த வளைவு சும்மா போட்ட வேலி அல்ல என்பது இன்னும் உறுதியாயிற்று. வட்டம்தான் கட்டுமானம், உருவமும் திட்டையும் அதன் உறுப்புகள்.

இதே செங்கத்து நடுகற்களை 1972-இல் இரா. நாகசாமி தொகுத்து மாநிலத் தொல்லியல் துறை நூலாக்கியது. பல்லவர் காலத்து மாடுபிடிச் சண்டையில் செத்த மனிதனின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது என்றால் அந்த வேலையால். அந்த உழைப்பில் பாதியை எழுத்தில்லாத கற்களுக்கும் செலவிட்டிருந்தால், எந்தச் சரிவில் எத்தனை திட்டை, எத்தனைக்கு வட்டம் முழுசாக இருக்கிறது என்று கணக்காவது கையில் இருக்கும். படிக்க எழுத்து இல்லாததால் பேசாத கல் என்று ஒதுக்கியது அறிஞர்களின் சோம்பல் என்றே சொல்வேன்.

சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை. வருமானம் மலைச்சனத்துக்கு வேண்டும். இந்த மலையிலிருந்து கூலி வேலைக்கு எங்கெங்கோ போய்ச் சீரழிந்தவர்கள் ஏராளம். ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் அளவை, வரைபடம், ஒவ்வொரு கல்லுக்கும் எண். அப்புறம்தான் சாலையும் பலகையும் செல்ஃபி மேடையும். வழி போட்டுவிட்டு அளக்க வந்தால், வழியின் அடியில் என்ன இருந்தது என்று யாரைக் கேட்பது?

காவல் யார் என்ற கேள்விக்கும் விடை தேடித் தொலைதூரம் போக வேண்டாம். 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, காட்டில் வாழும் பழங்குடிகளுக்கும் அவர்களின் கிராமசபைக்கும் தங்கள் பண்பாட்டு, இயற்கைச் சொத்தைச் சேதத்திலிருந்து காக்கும் அதிகாரம் தருகிறது. மதுரை அரிட்டாபட்டியில் நடந்ததைப் பார்த்தோம். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த மலைப்பகுதியும் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தபோது, சுற்றுவட்டாரக் கிராமசபைகள் தீர்மானம் போட்டு நின்றன. 2025 சனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. அரிட்டாபட்டிக்குத் தமிழி எழுத்து இருந்தது, பாண்டியர் குடைவரை இருந்தது என்பது உண்மை. கீழ்ச்செப்பிளிக்கு அந்த வசதி இல்லை. அதன் பக்கம் நிற்க ஊர்தான் இருக்கிறது.

மாநிலத் தொல்லியல் துறை கீழ்ச்செப்பிளியின் கற்களைத் தனித்தனியே பொறுக்காமல், சர்வே எண்ணோடு சரிவு முழுவதையும் ஒரே தொல்லிடமாக 1966 சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும். வனத்துறையும் கிராமசபையும் அதில் கையெழுத்திட வேண்டும். காவலாளி வேலை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே போக வேண்டும். போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் ஊர் ஆளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள், அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். மூடுகல் மேல் ஏறாதீர்கள். புல்லில் கிடக்கும் பலகைக்கல்லைக் காலால்கூடப் புரட்டாதீர்கள்.